வியாழக்கிழமை ரத்தம்

பிப்ரவரி 13, வியாழன்

இவர் இன்றும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். நர்ஸ் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "காய்ச்சல், மாத்திரை, மருந்து ஏதாவது?" இவரும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "தலைவலி மாத்திரைகூட இல்ல சிஸ்டர். தலைவலிதான் வீட்டுல இருக்கு." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்றரை வருடமாக இதே ஜோக். நர்ஸும் சளைக்காமல் சிரிக்கிறார். சம்பளத்தோடு சேர்த்தி போலிருக்கிறது.

முடக்குவாத நோயாளிகளின் ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கு எதிரில் இருக்கும் மருத்துவமனையிலிருந்து வியாழன்தோறும் வரும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே காலையில் எடுத்த ஒரு நலமான ஆளின் ரத்தமும் வேண்டும். முதலில் ஆள் தேடி நாயாய் அலைந்தோம். பிறகு நான்தான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கொடுத்தேன். பல்செட் செய்யும் பட்டறையில் வேலை, ஆய்வகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. புகை இல்லை, குடி இல்லை, ஒரு நாள் படுத்ததில்லை. "அளவுகோல் ஒண்ணாவே இருக்கட்டும், ஆளை மாத்த வேண்டாம்" என்று ஆய்வகத் தலைவி, எங்கள் மேடம், இவரையே நிரந்தரமாக்கிவிட்டார். எங்கள் வரைபடங்களில் இவருக்குப் பெயர் 'நலமானவர்'. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு வீட்டில் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. பாத்திரம் கழுவச் சொன்னால், "நலமானவர் ஓய்வெடுக்கிறார்" என்பார்.

பிப்ரவரி 17

எங்கள் வேலை என்ன என்று பொதுமக்களுக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் மேடம். கொடுத்தேன். படித்துவிட்டு, "இது பொதுமக்களுக்கா, பொதுமக்களைப் பழிவாங்கவா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இங்கே எழுதிப் பார்க்கிறேன். இங்கே என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

விரலில் ஒரு முள் குத்துகிறது. அந்த இடத்துத் திசு சும்மா இருக்காது. சின்னச் சின்னப் புரதங்களைச் சுரந்து வெளியே விடும். கெமோகைன் என்று பெயர். அழைப்புப் புரதம் என்று சொன்னாலும் தப்பில்லை. முள்ளுக்குப் பக்கத்தில் அது அடர்த்தியாக இருக்கும், தள்ளிப் போகப் போக நீர்த்துவிடும். ரத்தத்தோடு போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு, ரத்தக்குழாயின் உள்சுவரில் உருண்டு வரும்போது அங்கே ஒட்டியிருக்கும் இந்தப் புரதம் அதன்மேல் படுகிறது. உடனே பிடித்துக்கொண்டு நிற்கிறது. சுவரின் இடுக்கு வழியாகத் தன்னை நசுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. பிறகு புரதம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நகர்கிறது. அதற்குக் கண் இல்லை, மூளை இல்லை. தன் உடம்பின் ஒரு முனையில் கொஞ்சம் அதிகமாகவும் மறுமுனையில் கொஞ்சம் குறைவாகவும் புரதம் படுவதை வைத்தே வழி கண்டுபிடிக்கிறது. வெங்காயம் வதங்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போவது மாதிரி. வீடு முழுக்க ஒரே அளவில் வாசனை நிறைந்துவிட்டால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அணுவும் அப்போது நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வரும்.

முடக்குவாதத்தில் முள்ளே கிடையாது. ஆனாலும் மூட்டு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அணுக்களும் வந்துகொண்டே இருக்கின்றன. வந்த இடத்தில் எதிரி யாரும் இல்லாததால் வீட்டுச் சாமான்களைப் போட்டு உடைக்கின்றன. விரல் வீங்குகிறது, காலையில் மடக்க வராது.

கடைசிப் பத்தியை மேடம் கட்டாயம் வெட்டிவிடுவார். வீட்டுச் சாமான் பிடிக்காது அவருக்கு.

பிப்ரவரி 20, வியாழன்

இவர் வந்தார், கொடுத்தார், போனார். நல்ல மழை.

பிப்ரவரி 27, வியாழன்

மேடம் இன்று எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். இது வரலாற்றில் பதிவாக வேண்டிய விஷயம்.

நோயாளிகளுக்கு எதிர் மருத்துவமனையில் ஒரு புது மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள். அவர்களுடைய நியூட்ரோபில்கள் கண்டபடி ஓடும். வேகம் உண்டு, திசை இல்லை. மாத்திரை சாப்பிட்டால் திசை திரும்பி வருமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. சின்னக் கண்ணாடிக் கூடு, ஒரு ஓரத்தில் அழைப்புப் புரதம், மறு ஓரத்தில் அணுக்கள், மேலே நுண்ணோக்கி. எவ்வளவு நேராகப் போகின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண். கூடும் புரதமும் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும் என்பதால், நோயாளியின் மதிப்பெண்ணை அன்றைய நலமானவரின் மதிப்பெண்ணால் வகுத்துவிடுவோம். ஒன்று வந்தால் நோயாளியும் நலமானவரும் சமம்.

நவம்பரில் பாதிக்கும் கீழே இருந்தது. மாதா மாதம் ஏறி, இன்று ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்கிற பையனை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவோம், ஆள் அந்த உயரம், அந்த ஒல்லி. அவன் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டான். ஜூன் மாதக் கருத்தரங்கில் மேடம் இதைத்தான் பேசப்போகிறார். எதிர் மருத்துவமனை டாக்டர், இன்னும் நிறைய நோயாளிகளுக்கு இதே மாத்திரையைத் தொடங்கலாம் என்கிறாராம்.

எனக்கும் சந்தோஷம்தான். காபி மட்டமாக இருந்தது.

மார்ச் 6, வியாழன்

இவருடைய குழாயிலிருந்து வழக்கத்தைவிட நிறைய நியூட்ரோபில் கிடைக்கிறது. சில வாரமாகவே அப்படித்தான். "இந்தத் தடவையும் நல்ல விளைச்சல்" என்று போனில் சொன்னேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். இந்த மாதிரி ஒரு வாய்ப்பை இவர் விடவே மாட்டார், குறைந்தது உரத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது வரும். பட்டறையில் வேலை அதிகம் போல.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் எல்லாக் கதவிலும் உருண்டைக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு நீளமானது மாட்டிக்கொண்டிருந்தார். "பழசெல்லாம் இறுகிப்போச்சு" என்றார். நாள் முழுக்க ஆயிற்று. நடுவில் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி எறிந்தார். இவர் எதையும் எறிகிற ஆள் இல்லை.

மார்ச் 13, வியாழன்

ஒட்டடைக்குச்சி கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டு லீவில் இருக்கிறான். அதனால் நுண்ணோக்கி எடுத்த படங்களை நானே ஓட்ட வேண்டியதாயிற்று. சாதாரணமாக யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கணினியே அணுக்களின் தடத்தைப் பிடித்து மதிப்பெண் போட்டு, வகுத்தும் கொடுத்துவிடும். நாங்கள் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இன்று பார்த்தேன். நோயாளிகளின் அணுக்கள் எப்போதும் போல. பிறகு நலமானவருடையது. ஆபீஸ் விட்டதும் எல்லோரும் வாசலைப் பார்த்துப் போவார்களே, அப்படிப் போக வேண்டும். போகவில்லை. கடைத்தெருவில் விலை விசாரிக்கிறவர்கள் மாதிரி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். சில அணுக்கள் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை.

புரதம் கெட்டுப்போயிருக்க வேண்டும். யாரோ குளிர்பெட்டியைச் சரியாக மூடவில்லை. யார் என்று கண்டுபிடித்தால் தொலைந்தான்.

மார்ச் 14

புரதம் கெடவில்லை.

நர்ஸின் ரத்தத்தில் பார்த்தேன். என் ரத்தத்திலும் பார்த்தேன். அதே குப்பி, அதே கூடு. இரண்டு பேருடைய அணுக்களும் பிடித்த பிடியாக நேரே போகின்றன. என் அணுக்களைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது, வாழ்க்கையில் நான் அவ்வளவு நேராக எங்கும் போனதில்லை.

அப்படியானால்?

மார்ச் 17, திங்கள்

வகுப்பதற்கு முந்தைய எண்களை எடுத்து, நவம்பரிலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடுகள். நோயாளிகளின் கோடு படுத்த படுக்கையாக அப்படியே கிடக்கிறது. ஏறவே இல்லை. நலமானவரின் கோடு இறங்கிக்கொண்டே வருகிறது. மாடிப்படி மாதிரி, வாரத்துக்கு வாரம். பிப்ரவரி கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன.

மாத்திரை வேலை செய்யவில்லை. நோயாளிகள் இவர் மாதிரி ஆகவில்லை. இவர்தான் நோயாளிகள் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறார்.

அளவுகோல் சுருங்கியதைப் பார்க்காமல் துணி வளர்ந்துவிட்டது என்று காபி குடித்திருக்கிறோம்.

ஒட்டடைக்குச்சி சுவரில் ஒட்டிய தாள் எதிரிலேயே இருந்தது. கணினியை மூடிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 18

சர்க்கரையாக இருக்கலாம். ஏதாவது தொற்றாக இருக்கலாம். மருந்தாக இருக்கலாம், ஸ்டீராய்டு சாப்பிட்டால் அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் ரத்தத்திலேயே சுற்றும், எண்ணிக்கை கூடும், ஓட்டம் மந்தமாகும். நல்ல விளைச்சல்! போனில் போட்டு வேறு சொன்னேன்.

காலையில் சாப்பிடும்போது இவர் கையைப் பார்த்தேன். காபிக் கோப்பையின் காதைப் பிடிக்கவில்லை, இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடிக்கிறார். பொத்தான் வைத்த சட்டையை எப்போது விட்டார்? பனியன் மாதிரி ஒன்றையே மாட்டிக்கொண்டு போகிறார். நான் எழுவதற்கு முன்பே எழுந்து குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொள்கிறார், எத்தனை நாளாக? கதவுக் கைப்பிடி. நடுவிரல், ஆள்காட்டி விரல், அடிக்கணு இரண்டும் லேசாகப் பருத்திருக்கிறது. இரண்டு கையிலும்.

வேறு யாருடைய கையாக இருந்தாலும் வாசற்படியிலேயே சொல்லியிருப்பேன். பன்னிரண்டு வருடமாக இந்த நோயைத்தான் பார்க்கிறேன்.

ஏன் சொல்லல? என்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன அந்நியமா? ஒவ்வொரு வியாழனும் வந்து உக்காந்து, சட்டையை மடிச்சுவிட்டு, ஒண்ணுமில்ல சிஸ்டர்னு சிரிச்சுட்டுப் போனாரே. பயமா இருக்கு.

மார்ச் 19

கேட்கவில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

இவர் வழக்கம்போல வந்தார். வாசலிலேயே நிறுத்தி, "இந்த வாரம் வேண்டாங்க" என்றேன்.

"ஏன், மேடம் வேற ஆள் பார்த்துட்டாங்களா?"

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லையே."

முகத்தைப் பார்த்துச் சொன்னார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். இவர் என்னிடம் சொன்ன முதல் பொய் இது என்று நினைக்கிறேன். அல்லது எனக்குத் தெரிந்த முதல் பொய். சொல்லிவிட்டுக் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். மேடத்திடம், இன்றைக்கு நலமானவர் வரவில்லை என்றேன்.

மார்ச் 22, சனி

நாத்தனாரின் மருந்துக் கடைக்குப் போனேன். இவருடைய ஒரே அக்கா. இவருக்கு மாத்திரை வேண்டுமென்றால் வேறு எங்கே போவார்?

கடையில் கூட்டம் குறையும்வரை பற்பசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன். "அக்கா, இவருக்கு என்ன குடுக்கிறீங்க?"

"யாரு சொன்னா?"

"அவரோட ரத்தம்."

"ரத்தம் பேசுமா?"

"எங்க ஆபீஸ்ல பேசும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். ஸ்டீராய்டு, குறைந்த அளவுதான், நவம்பரிலிருந்து. டாக்டர் சீட்டு கிடையாது. "கடைப் படிக்கட்டுல உக்காந்து அழுதாம்மா. பல்லு செதுக்கற கத்தி கையில நிக்கலையாம். மெழுகு மேல கோடு கோணலாப் போகுதாம். இதைச் சாப்பிட்டதும் மறுநாளே விரல் மடங்குச்சு. நான் என்ன பண்ணட்டும், தம்பியாச்சே. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான்."

"டாக்டரைப் பார்க்காம நாலு மாசமா இதைக் குடுப்பீங்களா? உள்ள மூட்டு அரிச்சுக்கிட்டே இருக்கும், வலி மட்டும் தெரியாது. உங்களுக்குத் தெரியாதா இது?"

"தெரியும்" என்றார். அதற்குமேல் நான் கத்தவில்லை. வயதில் பெரியவர், கடைக்கு ஆட்கள் வேறு வந்துவிட்டார்கள். ஒரு பற்பசை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

பேசினோம். பேசினோம் என்று எழுதுகிறேன், நடந்தது சண்டை.

அக்காவைப் பார்த்தேன் என்றதும் இவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அவகிட்ட போய் விசாரிச்சியா? என் ரத்தத்தை எடுத்து வெச்சுக்கிட்டு என்னையே உளவு பாக்கறியா?" உளவு இல்லை, அளவுகோல் என்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது இல்லை. இவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஜன்னல் விளிம்பில் இவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்த சாம்பிள் பல்செட்கள், எல்லாம் இளித்துக்கொண்டிருந்தன.

அதில் ஒன்றை நேராக நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"உங்கிட்ட கையை நீட்டினா நீ கையைப் பார்க்க மாட்டே. உள்ள என்ன ஓடுதுன்னு பார்ப்பே. எனக்கு அது வேண்டாம்னு இருந்துச்சு. சாப்பிடறப்போ நீ சொல்ற கதையெல்லாம் கேட்டிருக்கேனே. அந்தப் பேஷன்ட்டுக்கு அப்படி, இந்தப் பேஷன்ட்டுக்கு இப்படி. நம்ம வீட்டுலயே ஒரு பேஷன்ட் கிடைச்சா உனக்கு வீடும் ஆபீஸ் ஆயிடும்."

நான் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வந்தேன். வாயில் வந்தது கேள்வி.

"அப்புறம் ஏன் ஒவ்வொரு வாரமும் வந்து ரத்தம் குடுத்தீங்க?"

"வரலைன்னா ஏன்னு கேப்பியே."

அதுதான். அவ்வளவுதான். மருந்து சாப்பிட்டால் அணு நடை மாறும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? ரத்தம் ரத்தம்தானே. நலமானவர் என்று பேர் வைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அதிலிருந்து எழுந்தால் கேள்வி வரும்.

இன்னொன்றும் சொன்னார். பட்டறையில் மேல்தாடை செட் மூன்று திரும்பி வந்துவிட்டதாம், கடி சேரவில்லை என்று. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் இவரைத் தின்கிறது. இந்த வேலையைத் தவிர வேறு எதுவும் இவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை.

நான் அழுதேன். இவர் அழவில்லை. "நாளைக்கு உங்க மேடம்கிட்ட சொல்லிடு. என்னால உன் வேலை கெட வேண்டாம்" என்றார். சொல்லலாமா என்று நான் இன்னும் கேட்கவே இல்லை. என் தலைக்குள் அது ஓடிக்கொண்டிருப்பது எப்படித் தெரிந்ததோ.

மார்ச் 24, திங்கள்

மேடத்தின் அறையில் இரண்டு கோடுகளையும் வைத்தேன். பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி பார்த்தார். ஒட்டடைக்குச்சியும் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முகமே செத்துவிட்டது.

"வகுத்துத்தான் பார்த்தோம்" என்றான். "வகுக்காம யாருமே பார்க்கல."

"ஒரே ஆளை வெச்சது நான்" என்றார் மேடம். "அளவுகோல் மாறக்கூடாதுன்னு சொன்னது நான்தான். மனுஷன் அளவுகோலா?"

பிறகு நான் காரணத்தைச் சொன்னேன். யார் நலமானவர் என்று அந்த அறையில் தெரியாதவர்கள் இல்லை. மேடம் என்னைத் திட்டுவார், அல்லது கருத்தரங்குப் பேச்சு போச்சே என்று தலையில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "எந்தக் கை?" இரண்டும் என்றேன். "ஐயோ" என்றார். எதிர் மருத்துவமனைக்கு அவரே போன் செய்து புது நோயாளிகளுக்கு மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம் என்றார். அங்கிருந்து ஏதோ கேட்டார்கள். "எங்க பக்கம் தப்பு. விவரமா எழுதி அனுப்பறேன்" என்றார்.

வெளியே வந்ததும் ஒட்டடைக்குச்சி சுவரிலிருந்து தாளைக் கிழித்தான். ஸ்டூல் இல்லாமலே எட்டியது.

மார்ச் 27, வியாழன்

நர்ஸ் கேட்டார், "அண்ணன் வரலையா?" இனிமேல் வரமாட்டார் என்றேன். நாற்காலியில் நர்ஸே உட்கார்ந்து கையை நீட்டினார்.

ஏப்ரல் 4, வெள்ளி

எதிர் மருத்துவமனை. இத்தனை வருடமாக அந்தக் கட்டடத்திலிருந்து வரும் குழாய்களைத்தான் பார்த்திருக்கிறேன், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்ததில்லை. பெஞ்சுகள் தாழ்வாக இருக்கின்றன. எழுந்திருக்க எல்லோரும் கஷ்டப்படுகிறார்கள். யார் வாங்கிப் போட்டார்களோ.

முடக்குவாதம்தான். எலும்பு இன்னும் அரிக்கவில்லை என்றார் டாக்டர். எக்ஸ்ரே படத்தை என்னிடம் காட்டித்தான் சொன்னார். இவர் நடுவில் குறுக்கிட்டு, "கை என்னோடதுதான் டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டுப் படத்தை இவர் பக்கம் திருப்பினார். வேறு மருந்து, வாரத்துக்கு ஒரு முறை. ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக்கூடாது. புது மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும், நடுவில் வலி கூடும் என்று எச்சரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மருந்துச் சீட்டை இவரே மடித்து வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 19

மோசமான காலை. ஸ்டீராய்டு குறையக் குறைய உள்ளே அடங்கியிருந்ததெல்லாம் எழுந்துவிட்டது. பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க முடியவில்லை. பட்டறைக்கு லீவு.

"இது எதிர்பார்த்ததுதாங்க. இப்போ மூட்டுல கெமோகைன் மறுபடி அதிகமா..." என்று ஆரம்பித்தேன். "ஆரம்பிச்சுட்டியா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டார்.

எனக்கு வேறு எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. ஆறுதல் என்று நான் நினைப்பது விளக்கத்தைத்தான். எனக்கு ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பதினான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 20

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவாயில்ல." பொய்.

ஏப்ரல் 26

"பரவாயில்ல."

மே 3

நாத்தனார் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே கப்பலில் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடையில இப்போ சீட்டு இல்லாம யாருக்கும் எதுவும் குடுக்கறதில்ல. போன வாரம் என் சொந்த நாத்தனாருக்கே இல்லைன்னுட்டேன்" என்றார். சண்டை போட்டாயிற்றாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.

மே 12

பட்டறை முதலாளி இவரை நிறம் பார்க்கும் வேலையில் போட்டிருக்கிறார். வாயில் இருக்கும் மீதிப் பற்களின் நிறத்துக்குப் புதுப் பல் சேர வேண்டும். அதற்குக் கண் போதும், விரல் அவ்வளவு வேண்டாம். இவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை. வேண்டாவெறுப்பாகவும் சொல்லவில்லை. "மஞ்சள்ல இத்தனை வகை இருக்குன்னு கடவுளுக்கே தெரியாது" என்றார். ரொம்ப நாளுக்குப் பிறகு ஒரு ஜோக்.

ஆய்வகத்தில்: இப்போது ஆறு பேர் மாறி மாறி ரத்தம் கொடுக்கிறார்கள். ஒட்டடைக்குச்சி வகுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு படத்தையும் உட்கார்ந்து பார்க்கிறான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. கருத்தரங்கில் பேசுவதை மேடம் ரத்து செய்யவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லை என்றும், வேலை செய்கிறது என்று நாங்கள் ஏன் நம்பினோம் என்றும் பேசப்போகிறாராம். இரண்டு கோடுகளையும் காட்ட இவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கச் சொன்னார். கேட்டேன். "பேரு போட வேண்டாம்" என்றார். பிறகு, "நலமானவர்னும் போட வேண்டாம்."

மே 25, ஞாயிறு

விடிந்து கொஞ்ச நேரத்தில் இவர் என்னை எழுப்பினார். தோளால் இடித்து எழுப்பினார், கையால் முடியவில்லை போல.

"எந்திரியேன். இன்னைக்கு ரொம்ப வலிக்குது."

நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் அது எனக்கு உடனே உறைக்கவில்லை. வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தேன். இரண்டு கையையும் என் மடியில் வைத்தார். சுற்றிவிட்டேன். அந்தக் கணுக்களுக்குள் இந்த நிமிடம் என்ன நடக்கிறது, எது எதைக் கூப்பிடுகிறது, எது சுவரைத் தாண்டி வருகிறது, எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது.

"எந்த விரல்?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாந்தான்."

துணி ஆறியதும் மறுபடி நனைத்துச் சுற்றினேன். வெளியே பால்காரரின் வண்டி போயிற்று. இவர் கண்ணை மூடிக்கொண்டு, "சரி சொல்லு. உள்ள என்னதான் பண்றானுங்க?" என்றார்.

சொன்னேன். மெதுவாக, முதலிலிருந்து. பாதியிலேயே தூங்கிவிட்டார். கையை எடுத்துக்கொள்ளவில்லை.